பக்கத்து இருக்கைப் பிரேக்

ஓவர்சியருக்குக் கண்பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கத் தொடங்கியபோது டாக்டர் முதலில் தடை போட்டது கார் ஓட்டுவதற்குத்தான். கட்டட வேலைகளை மேற்பார்த்தே காலம் கழித்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். வேறு யார் கையும் படவிடாத அந்த ஸ்டியரிங் வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தாள். நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குக் காலையில் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா.

ஐம்பதைத் தாண்டிக் கற்றுக்கொண்டாலும் அவள் நன்றாகவே ஓட்டினாள். ஓவர்சியர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வாயும் ஓயாது, காலும் ஓயாது. எதிரே ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதிப்பார். அவர் பக்கத்து மிதியடியில் அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"அங்க பிரேக் இல்லைங்க. இங்க இருக்கு."

"இருக்கிற பிரேக்கை நீ மிதிச்சா நான் எதுக்கு மிதிக்கப் போறேன்?"

பிரேக் மேலும் தப்பு இருந்தது. பழைய வண்டி. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழையில் நனைந்துவிட்டால் பிடிக்காது, பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு நாள் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டே போய் ஒரு மதில்சுவருக்குச் சாண் தூரத்தில் நின்றது. பின்சீட்டில் இருந்த ரத்தக் குப்பிப் பெட்டி கவிழ்ந்து, அன்றைக்கு எடுத்ததையெல்லாம் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை ஊசி குத்தப்பட்டவர்கள் அவளைச் சும்மா விடுவார்களா? அன்று சாயங்காலமே தன் தம்பியின் பட்டறைக்கு வண்டியை விட்டாள்.

தம்பி மெக்கானிக். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம்க்கா. ஆனா இந்த ஹப்புல டிஸ்க் உட்காராது. இதே கம்பெனிக்காரன் அப்புறமா விட்ட மாடலோட ஹப்பையும் சேர்த்து மாத்தணும்."

சக்கரத்தின் நடுவே இருந்து அதைத் தாங்கிச் சுழலவிடும் இரும்புக் குடம்தான் ஹப். டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பெடலுக்குக் கீழே எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாகவே கிடைத்தன. ஹப் மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாடலே நின்றுபோய்விட்டது. கடைசியில் பழைய இரும்புக் கடையில், பின்பக்கம் அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து இரண்டு ஹப்புகளைத் தம்பி கழற்றிக்கொண்டு வந்தான்.

"செத்த வண்டியோட உறுப்பை உயிரோட இருக்கிற வண்டிக்கு வைக்கிறியா மாப்ள?" என்றார் ஓவர்சியர்.

"மனுஷனுக்கே வைக்கிறாங்க மாமா. இது இரும்பு."

மண்ணெண்ணெயில் கழுவி, புது பேரிங் போட்டு, உள்ளங்கையால் கிரீஸைத் திணித்து ஏற்றினான். கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுழன்றது. தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் நாள் வண்டி அருமையாக ஓடியது. கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. ஓவர்சியர் வழக்கம்போல் தரையை மிதித்தார். கார் நின்றது. கிளட்சை அழுத்தாததால் என்ஜின் குலுங்கி அணைந்தது. லேப் அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது இன்னும் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் மிதிச்சேன்," என்றார் ஓவர்சியர் மெதுவாக. "நின்னுது."

பட்டறைக்குத் திரும்பி, தம்பி எதிரில் சோதித்துப் பார்த்தார்கள். ஓவர்சியர் தரையை மிதி மிதியென்று மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாலைக்குப் போனால் மறுபடி நடந்தது. நாய் குறுக்கே ஓடினால் அவர் கால் போகும், வண்டி நிற்கும். தம்பி சிரித்தான். "அக்கா, நீயே தெரியாம மிதிக்கிறே. மாமா உன் காதுல பூ சுத்துறாரு."

ஓவர்சியருக்கோ கை நழுவிப் போன ராஜ்ஜியம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, மனைவி கிளம்புவதற்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்தார். மனைவி ஓட்டும் வண்டி தன் காலுக்குக் கட்டுப்படுகிறது என்பதை நினைத்து நினைத்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து படுத்த அன்று லேப் அக்கா தனியாகப் போனாள். பக்கத்து இருக்கையில் ரத்தக் குப்பிப் பெட்டி மட்டும் இருந்தது. ஒரு குறுகிய தெருவில், ஓரமாக நின்ற லாரியைத் தாண்டப் போகும்போது பிரேக் பெடல் தானாக உள்ளே போனது. அவள் கண்ணெதிரே போனது. அதன் மேல் எந்தக் காலும் இல்லை. வண்டி நின்று என்ஜின் அணைந்த பிறகும் பெடல் உள்ளேயே இருந்தது. லாரிக்கு முன்னாலிருந்து ஒரு முதியவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்தார். அவர் மறுபக்கத்து நடைபாதையில் ஏறிய பிறகுதான் பெடல் மேலே வந்தது. வெடுக்கென்று வரவில்லை. யாரோ காலை நிதானமாக எடுப்பதுபோல் வந்தது.

லேப் அக்கா அந்தப் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிக் குப்பிப் பெட்டியை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யார் மடியிலோ பாரத்தை வைத்துவிட்டோமே என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் பெடல் லேசாக அழுந்தியது. ஒரு முறை போனை எடுத்துக் காதில் வைத்தாள். பெடல் இரண்டு தடவை சின்னதாகத் தட்டியது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டாள். கண்டிப்பு இருந்தது, ஆனால் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் மட்டுமே அவள் கண்ட கண்டிப்பு அது.

இதுவரை நல்லதாகவே இருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு நாள், மழை விட்ட காலையில், இறக்கம் ஒன்றில் முன்னால் ஈ காக்கை இல்லாதபோது பெடல் அடிவரைக்கும் போனது. கார் நின்றது. பெடல் எழவே இல்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன, ஒருவன் ஜன்னல் வழியாகத் திட்டிவிட்டுப் போனான். அவள் குனிந்து பெடலைக் கையால் தொட்டாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் அணைந்திருந்தது, வண்டியில் வேறு எந்த அதிர்வும் இல்லை. பயத்தில் உயிரைக் கொடுத்து மிதிக்கும் கால் எப்படி நடுங்குமோ அப்படி நடுங்கியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஓவர்சியர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ, என் கால் இல்லையா?"

"இல்லைங்க."

அவர் சற்று நேரம் தன் வலது காலையே பார்த்தார். "நான் பயப்படுற அதே இடத்துல அதுவும் பயந்திருக்கு. அவ்வளவுதான்," என்றார்.

தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினான். எண்ணெய்க் குழாயைப் பார்த்தான், மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தன. காலிப்பரையும் அவிழ்த்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். இப்போது டிஸ்க்கைப் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை.

"இப்ப பாருக்கா. இதுக்கு மேல இது நிக்கணும்னா தானா ஓய்ஞ்சுதான் நிக்கணும்."

சுற்றிவிட்டான். ஹப்பும் டிஸ்க்கும் சத்தமில்லாமல் சுழன்றன. அவன் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். சக்கரம் இல்லாத அந்தப் பக்கத்தில் ஓவர்சியர் கால் தடுக்கி, சுழலும் டிஸ்க்கின் மேல் விழப் போனார்.

டிஸ்க் நின்றது. மெதுவாகி நிற்கவில்லை. சட்டென்று நின்றது.

ஓவர்சியர் அதன் மேல் கையூன்றிக்கொண்டு எழுந்தார். சுழன்றிருந்தால் விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்பது மூவருக்கும் தெரிந்தது. தம்பி பட்டறைக்கு வெளியே போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"கழட்டிடுவோம்க்கா," என்றான் அங்கிருந்தே.

"கழட்டலாம். அது யாரோட வண்டின்னு முதல்ல கேளு."

பழைய இரும்புக் கடைக்காரருக்கு நினைவிருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் பெடல் இருந்ததாம், ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்காக. அந்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி பழைய பெயர்ப்பலகையின் கீழ் ஒற்றை மேசையோடு உட்கார்ந்திருந்தார். லேப் அக்கா விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தினார்.

"எங்க மாஸ்டர் செத்துட்டாரான்னு கேக்க வந்தீங்களா? எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. இருக்காரும்மா. உயிரோட இருக்காரு. இருக்கார்னுதான் சொல்லணும்."

ஒரு மழைநாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்பாடு இழந்து ஆற்றுப்பக்கம் விட்டுவிட்டாள். மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்துக் கரையில் நிறுத்திவிட்டார். நின்ற வண்டியின் மேல் பின்னால் வந்த லாரி மோதியது. அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாஸ்டரை வெளியே எடுத்தபோதும் அவர் கால் பெடலை விடவில்லையாம். ஆள் வைத்து எடுத்தார்களாம்.

மாஸ்டரின் வீடு ஒரு சந்தின் கோடியில் இருந்தது. கதவைத் திறந்தது அவர் மகள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கூடம் முழுவதும் துணிச்சுருள்கள். உள்ளறையில் கட்டிலில் மாஸ்டர் கண்களைத் திறந்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிய முகம். அவர் வலது பாதத்துக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே ஒரு கெட்டித் தலையணை சொருகியிருந்தது.

அது என்னவென்று லேப் அக்கா கேட்கும் முன்பே மகள் சொன்னாள். "பேச்சு போயிடுச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது, ஊசியால குத்தினாலும் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா கொஞ்ச நாளா அந்தக் கால் மட்டும் தானா உதைக்குது. பலகைல மோதி உள்ளங்காலெல்லாம் கன்னிப்போச்சு. அதான் தலையணை."

"எப்பல்லாம்?"

"காலைல ஆரம்பிக்கும். வெயில் ஏறினா அடங்கிடும். அப்புறம் சாயங்காலம் எப்பவாவது. நரம்பு இழுப்புன்னாங்க."

காலையிலிருந்து வெயில் ஏறும் வரை. அது லேப் அக்கா ரத்தம் எடுக்கச் சுற்றும் நேரம். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். தம்பியும் ஓவர்சியரும் காரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, வண்டியை எடுத்து இந்தச் சந்துலயே ரெண்டு தடவை போய்ட்டு வா. கொஞ்சம் வேகமா."

அவள் கட்டிலருகே வந்து நின்றாள். வெளியே என்ஜின் உறுமியது. மாஸ்டரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தின் விரல்கள் மடங்கின. குதிகால் ஊன்றியது. உள்ளங்கால் தலையணையில் மெல்ல, உறுதியாக அழுந்தியது. அதே நேரத்தில் வெளியே டயர்கள் தேய்ந்து நிற்கும் ஓசை கேட்டது.

பாதம் தளர்ந்தது. என்ஜின் மறுபடி உறுமியது. மறுபடி பாதம் அழுந்தியது, வண்டி நின்றது.

மகள் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்று இரண்டையும் பார்த்தாள். அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. லேப் அக்கா ஹப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள், முதலிலிருந்து.

மகள் அழவில்லை. "அப்பா ராத்திரியில தூங்கவே இல்லைங்க, நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்திருக்கார்," என்றாள். "படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷனை இத்தனை நாளா வேலை வாங்கியிருக்கீங்க."

"நிறுத்திடுறோம்மா," என்றாள் லேப் அக்கா.

வீட்டுக்கு அந்தக் காரில் போக மூவருக்கும் மனம் வரவில்லை. தம்பி இன்னொரு வண்டி கொண்டு வந்து அதைக் கட்டி இழுத்துப் போனான். அன்றே இரண்டு ஹப்புகளையும் கழற்றிக் கோணியில் சுற்றினான். பிறகு ஒரு லேத் பட்டறையில் புது இரும்பில் கடைந்து வேறு ஹப்புகள் செய்துகொண்டு வந்து, அதே டிஸ்க் பிரேக்கைப் பூட்டினான். இப்போது பெடல் மிதித்தால் போனது, எடுத்தால் வந்தது. கார் காராக இருந்தது.

கழற்றியதை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. பழைய இரும்புக்குப் போடலாம் என்றான் தம்பி. எப்போதும் கடைசி வார்த்தை பேசும் ஓவர்சியர் கோணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேற யாராவது வாங்கிப் போட்டா மறுபடியும் அந்த ஆளுக்கு வேலைதான். உலையில போட்டு உருக்கிட்டா அந்த ஆளு என்ன ஆவார்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தம்பி கோணியைக் கீழே வைத்துவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் செய்தாள். குரலில் நிம்மதி இல்லை.

"அப்பா நல்லா தூங்குறார். கால் அசையவே இல்லை. எதுவுமே அசையலை. அது உதைச்சப்பவாவது உள்ள ஆள் இருக்கார்னு இருந்துச்சு. இப்ப மூக்குல கை வச்சு வச்சுப் பாக்குறேங்க."

ஓவர்சியர் யோசனை சொன்னார், தம்பி செய்தான். ஒரு கனமான இரும்புத் தகட்டில் அச்சு ஒன்றை நிறுத்தி வெல்ட் வைத்து, பழைய ஹப்பில் ஒன்றை அதில் மாட்டி, மேலே ஒரு டிஸ்க்கைப் பூட்டினான். இன்னொரு ஹப்பைக் கோணியோடு மாஸ்டரின் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். தகட்டைத் தலைமாட்டில் ஒரு முக்காலி மேல் வைத்தார்கள். மகள் அதைச் சுற்றிவிட்டாள். சுழன்றது.

"அப்பா, நான் பேசுறது கேக்குதா? கேட்டா நிறுத்துங்க."

தலையணையில் பாதம் அழுந்தியது. டிஸ்க் நின்றது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி சுற்றினாள். "அன்னிக்கு ஓட்டின பொண்ணு பிழைச்சுக்கிச்சு. தெரியுமா?" டிஸ்க் சுழன்றுகொண்டே இருந்தது. அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, சொன்னாலும் கேட்காது என்று நினைத்திருந்தார்கள். மகள் அவர் காதருகே குனிந்து, அந்தப் பெண் இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள், ஒரு கீறல் இல்லை, ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாஸ்டரின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அறையில் இருந்த நான்கு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நாள் முழுக்கப் பேச்சுதான். ஜன்னலைத் திறக்கட்டுமா, ரேடியோ போடட்டுமா, இந்தத் திரைக்கு நீலம் நன்றாக இருக்குமா, பச்சையா? நீலத்துக்கு ஒரு முறை சுற்றுவாள், பச்சைக்கு ஒரு முறை சுற்றுவாள். மாஸ்டர் எப்போதும் பச்சைக்குத்தான் நிறுத்தினார். அவள் முகத்தில் சதை பிடித்தது. லேப் அக்கா காசு வாங்காமல் மாஸ்டருக்கு ரத்தம் எடுத்துப் பரிசோதித்துக் கொடுத்தாள். வாசலில் காரை நிறுத்தும்போதெல்லாம் ஜன்னலில் மகள் சிரிப்பது தெரியும்.

ரத்த முடிவுகள் மட்டும் நன்றாக இல்லை. சிறுநீரகம் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மகளிடம் சொன்னாள். மகள் தலையை ஆட்டினாள்.

"தெரியும் அக்கா. எல்லாத்தையும் அவர்கிட்ட கேக்குறேன். ஒண்ணு மட்டும் கேக்க மாட்டேன். கேக்கவும் கூடாது."

எது என்று லேப் அக்கா கேட்கவில்லை.

அன்றைக்கு ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது, மகள் வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அறையில் லேப் அக்காவும் மாஸ்டரும் மட்டும். வெயில் முக்காலி மேல் விழுந்து டிஸ்க்கின் விளிம்பு மின்னியது. அவர் கண்கள் கூரையைப் பார்த்திருந்தன. கைகால்களில் குச்சிகள்போல் எலும்பு தெரிந்தது. இத்தனை வருட வேலையில் இப்படிப்பட்ட உடல்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மகள் கேட்க மாட்டேன் என்றதை அவளும் ஒருவரிடமும் கேட்டதில்லை. தன் கை எப்போது நீண்டது என்று அவளுக்குத் தெரியாது. டிஸ்க்கைச் சுற்றிவிட்டிருந்தாள்.

"மாஸ்டர்," என்றாள் தாழ்ந்த குரலில். "போதும்னு இருக்கா? இருந்தா நிறுத்துங்க."

டிஸ்க் சுழன்றது. அவள் பாதத்தைப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. டிஸ்க்கைப் பார்த்தாள். தம்பி எவ்வளவு கிரீஸ் திணித்திருந்தாலும் இந்நேரம் அது தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. அவள் சுற்றிவிட்ட வேகத்தைவிட அது இப்போது வேகமாகச் சுழல்வதுபோல் இருந்தது. விளிம்பு கலங்கி ஒரே வெள்ளி வளையமாகிவிட்டது. அதிலிருந்து வந்த காற்று அவள் முகத்தில் பட்டது. ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரை லேசாக அசைந்தது. தலையணையின் மேல் அந்தப் பாதம், மிதிக்கவே போவதில்லை என்பதுபோல், ஓய்வாகச் சாய்ந்து கிடந்தது.

மகள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். சுழலும் டிஸ்க்கைப் பார்த்தாள், லேப் அக்காவைப் பார்த்தாள்.

"என்னக்கா கேட்டீங்க?"

"ஊசி வலிச்சுதான்னு கேட்டேன்," என்றாள் லேப் அக்கா.